பெட்டகத்துத் தட்டுகளுக்கு எந்த டர்ன்டேபிள்? சுற்று வேகத்தையும் சுருதியையும் வைத்து ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் இரண்டாம் கட்டுப் பெட்டகத்தைத் திறந்தால் மூன்று தலைமுறைப் பாட்டு ஒன்றாகக் கிடக்கும். அடியில் கனமான, கீழே போட்டால் உடையும் அரக்குத் தட்டுகள். அதன் மேல் எல்பி. ஓரத்தில் உறை கிழிந்த சின்ன 45 தட்டுகள். (45 என்பதும், எல்பியின் 33⅓-உம், அரக்குத் தட்டின் 78-உம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு.) இந்த வட்டாரத்துக்கும் இசைத்தட்டுக்கும் பழைய உறவு உண்டு. காரைக்குடி ஏவி. மெய்யப்பச் செட்டியார் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகத் தட்டு வியாபாரம் செய்துவிட்டுத்தான் படத்துறைக்குப் போனார். அவர் விற்ற ஓடியன் நிறுவனத் தட்டுகள் இங்கே வீட்டுக்கு வீடு தென்படுவதில் வியப்பில்லை.

இவற்றைத் திரும்பக் கேட்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “எந்த பிராண்டு வாங்கலாம்?” அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: உங்கள் தட்டுகளுக்குத் தேவை அசையாத வேகமா, மாற்றிக்கொள்ளக்கூடிய வேகமா? எல்பிக்கு முதலாவது போதும். பழைய அரக்குத் தட்டுக்கு இரண்டாவது கட்டாயம். ஏனென்றால் “78” என்று நாம் சொல்லும் தட்டுகளில் பல, 78-இல் பதிவானவையே அல்ல.

கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. தட்டு எத்தனை சதவீதம் வேகமாகச் சுற்றுகிறதோ, பாட்டின் ஒவ்வொரு ஸ்வரத்தின் அதிர்வெண்ணும் அத்தனை சதவீதம் ஏறும். காலமும் அதே விகிதத்தில் சுருங்கும். சுருதி மட்டும் மாறி, தாளம் மாறாமல் இருக்காது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதையொட்டி நிற்கும் அடுத்த கட்டைக்கும் (வெள்ளையோ கறுப்போ) உள்ள தூரத்தை 100 சென்ட் என்பார்கள். வேகத்தில் 1 சதவீதம் பிசகினால் 17 சென்ட் நகரும். 6 சதவீதம் பிசகினால் ஏறக்குறைய ஒரு முழுக் கட்டைத் தூரம்.

5 கட்டையில் (ஆர்மோனியத்தின் ஐந்தாம் வெள்ளைக் கட்டையை ஸட்ஜமாக, அதாவது ஆதார ஸ்வரமாக வைத்து) பாடிய எல்பியை, 33⅓-க்குப் பதிலாகத் தவறிப்போய் 45-இல் வைத்தால் 520 சென்ட் ஏறி, மேல் 1 கட்டையையும் சற்றே தாண்டி நிற்கும். இது எல்லாருக்கும் கேட்டுவிடும், உடனே சரிசெய்துவிடுவோம். ஆபத்து இதில் இல்லை. இரண்டு மூன்று சதவீதப் பிசகு காதுக்குத் தப்பிவிடும் என்பதுதான் ஆபத்து. குரல் கொஞ்சம் இளமையாக, வீணை கொஞ்சம் மெலிதாகக் கேட்கும். பதிவே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வோம். தட்டோடு சேர்ந்து பாடிப் பழகுகிற பிள்ளையோ, பக்கத்தில் சுருதிப்பெட்டியைப் போட்டுக் கேட்கிறவரோ இருந்தால் 1 சதவீதமே உறுத்தும்.

முதலில் தட்டுகளைப் பிரித்து வையுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது இது. வினைல் எல்பி, வினைல் 45, அரக்கு 78 என்று மூன்று அடுக்கு. அரக்கு அடுக்கை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள்: 1925-க்குப் பிந்தைய, மைக் வைத்து மின்சாரத்தில் பதிவானவை ஒரு பக்கம், அதற்கு முன் கூம்புக் குழாய்க்குள் பாடிப் பதிவானவை இன்னொரு பக்கம். பின்னவை கிடைப்பது அரிது. ஆனால் கிடைத்தால் அவைதான் அதிகம் படுத்தும். அந்தக் காலப் பதிவுப் பொறியின் மேசை (தட்டு வைத்துச் சுற்றும் வட்டு), கடிகாரம்போல் எடைக்கல் இறங்கும் விசையில் சுற்றியது. வேகத்தை நிர்ணயித்தது அன்றைக்குப் பொறியாளர் கவர்னரை (வேகக் கட்டுப்பாட்டு அமைப்பை) எங்கே வைத்தாரோ அது. 75-இல் பதிவான தட்டை 78-இல் போட்டால் 68 சென்ட் ஏறும். 80-இல் பதிவானதை 78-இல் போட்டால் 44 சென்ட் இறங்கும். இரண்டுமே எந்தக் கட்டையிலும் உட்காராமல் இடையில் தொங்கும்.

மின்பதிவுக் காலத் தட்டுகள் பெரும்பாலும் 78-க்கு அருகில் நிற்கும். அதிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 60 முறை அலைந்து) வரும் நாட்டில் 78.26, நம்முடையதுபோன்ற 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 77.92 என்று இரண்டு கணக்கு உண்டு. இரண்டுக்கும் இடையே 7 சென்ட்தான், அதை விட்டுவிடலாம்.

சாவி கொடுக்கும் கிராமபோன்

அழகுக்கும், அரக்குத் தட்டை அந்தக் காலத்தார் கேட்டபடி எப்போதாவது கேட்பதற்கும் இது சரி. தினசரி கேட்பதற்கு வேண்டாம். உள்ளே ஒரு சுருள்வில், அதைக் கட்டுப்படுத்த மூன்று சிறு எடைகள் சுழலும் கவர்னர், அதன் தட்டில் உரசும் தோல் அல்லது ஃபெல்ட் துண்டு. வேகத் திருகு இந்த உரசலைத்தான் கூட்டிக் குறைக்கிறது. தோல் காய்ந்திருந்தாலும், வில் அறையில் கிரீஸ் கட்டிப்போயிருந்தாலும் வேகம் அலைபாயும். சாவியை முழுதாகக் கொடுக்காமல் 12 அங்குலத் தட்டைப் போட்டால் கடைசி ஒரு நிமிடத்தில் சுருதி சரிவது தெளிவாகக் கேட்கும். இதில் ஒரு நன்மை மட்டும் உண்டு: திருகைத் திருப்பி நிமிடத்துக்கு 70 சுற்றுக்குச் சற்று மேலிருந்து 80 வரை எந்த வேகத்துக்கும் போகலாம்.

வினைல் தட்டை மட்டும் இதில் வைக்காதீர்கள். முள்ளைத் தாங்கும் தலையான சவுண்ட்பாக்ஸின் எடை 100 கிராமுக்கு மேல். ஒரே ஓட்டத்தில் எல்பியின் கோடு அழிந்துவிடும். எஃகு முள்ளைப் பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். மிச்சம் பிடித்தால் தேய்ந்துபோவது முள் அல்ல, தட்டு.

வீட்டிலேயே இருக்கும் பழைய மின் பிளேயர்

அறுபது எழுபதுகளில் வாங்கிய பெட்டி பிளேயர் பரணில் இருந்தால், புதிது வாங்குவதற்கு முன் அதை இறக்கிப் பாருங்கள். பலவற்றில் 16, 33, 45, 78 நான்கும் இருக்கும். மோட்டார் தண்டில் படிப்படியாக வெட்டிய புல்லி. அதற்கும் மேசை விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம். வேகத்தை மாற்றினால் சக்கரம் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு ஏறும்.

கோளாறும் அந்தச் சக்கரத்தில்தான். வேகக் கைப்பிடியை 33-இலேயே விட்டுவிட்டு முப்பது வருடம் பரணில் கிடந்தால், ரப்பர் புல்லியில் அழுந்திய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் “டொக், டொக்” என்று கேட்கும், சுருதியும் கூடவே துடிக்கும். இதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது; சக்கரத்துக்கு ரப்பர் மாற்ற வேண்டும். ரப்பர் வெறுமே இறுகி வழுக்குகிறது என்றால் சக்கரத்தின் விளிம்பு, புல்லி, மேசையின் உள்விளிம்பு மூன்றையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாலே பாதி சரியாகிவிடும். மோட்டார் தண்டுக்கும் நடு பேரிங்குக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடாது, பிசினாகிவிடும். எண்ணெய் ரப்பரில் பட்டால் மறுபடி வழுக்கும்.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் மோட்டார் எளிய இன்டக்‌ஷன் வகை. மின்னழுத்தம் குறைந்தால் வேகமும் குறையும். கிராமத்தில் மாலை வேளையில் வோல்டேஜ் இறங்கும் வீடாக இருந்தால், காலையில் சரியாக இருந்த தட்டு ஏழு மணிக்குச் சுருதி இறங்கிப் பாடும். ஸ்டெபிலைசர் வைத்தால் தீரும்.

அமெரிக்காவிலிருந்து வரும் பிளேயர்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது. பர்மா, மலேயா, சிங்கப்பூரிலிருந்து அந்தக் காலத்தில் வந்தவை 50 ஹெர்ட்ஸ் சாமான். இங்கே வேகம் மாறாது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கிய பழைய டர்ன்டேபிளில் சின்க்ரனஸ் மோட்டார் இருந்தால், அதன் வேகத்தை நிர்ணயிப்பது அதிர்வெண் மட்டுமே. 110 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், அதிர்வெண்ணைத் தொடாது. எனவே 33⅓ சுற்ற வேண்டியது 27.8 சுற்றும். 5 கட்டைப் பாட்டு 3 கட்டைக்குக் கீழே போகும். 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடும்.

தீர்வு, அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைத்தால் மாற்றுவது. அதன் விட்டம் 60 ஹெர்ட்ஸ் புல்லியைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். கிடைக்காவிட்டால் அந்தப் பிளேயரைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அடாப்டர் செருகி ஓடும் டிசி மோட்டார் வகைக்கும், உள்ளே குவார்ட்ஸ் (சீராக அதிரும் படிகம்) கட்டுப்பாடு உள்ள, மோட்டாரே மேசையைச் சுற்றும் டைரக்ட் டிரைவுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. அவற்றுக்கு வோல்டேஜ் பொருந்தினால் போதும்.

இதன் தம்பிதான் இன்வெர்ட்டர் சிக்கல். கரண்ட் போனதும் சின்க்ரனஸ் மோட்டார் இன்வெர்ட்டரில் ஓடினால், இன்வெர்ட்டர் தரும் அதிர்வெண் எதுவோ அதுவே சுருதி. சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் மோட்டார் இரையவும் செய்யும். கிரிட் மின்சாரம் பற்றிக் கவலை வேண்டாம்: அனுமதித்த வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ், அந்த வரம்புக்குள் பிசகு 3 அல்லது 4 சென்டைத் தாண்டாது.

பெல்ட் டிரைவ்

மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட்டால் மேசையைச் சுற்றும் வகை. புதிதாகக் கடையில் கிடைப்பதில் விலை குறைந்தவை பெரும்பாலும் இவையே. எல்பியும் 45-உம் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நல்ல தேர்வு. ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் போன்றவற்றில் 33, 45 இரண்டுதான். அரக்குத் தட்டுக்கு வழியில்லை. சூட்கேஸ் வடிவப் பெட்டிகள் மூன்று வேகம் என்று போட்டு வரும். ஆனால் அவற்றின் ஒரே முள் எல்லாத் தட்டுக்கும் ஈடுகொடுப்பதில்லை. வேகமும் பலவற்றில் 1 முதல் 3 சதவீதம் கூடுதலாக இருக்கும். இது சரிசெய்யக்கூடியது. பல டிசி மோட்டார்களின் அடிப்பக்கத்தில் சிறு துளைகள் இருக்கும். உள்ளே வேகத்துக்கு ஒன்றாக டிரிம்மர் திருகு. கடிகார ஸ்குரூடிரைவரால் மயிரிழை மட்டும் திருப்பி, ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெல்ட் தளர்ந்தால் வழுக்கி வேகம் குறையும். தட்டின் உரத்த இடங்களில் முள்ளின் இழுவை கூடி இன்னும் குறையும். மாற்று பெல்ட் வாங்கும்போது நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள், தடிமனும் முக்கியம். தடித்த பெல்ட் புல்லியின் விட்டத்தைக் கூட்டியதுபோல வேலை செய்து மேசையை வேகமாக்கும். செட்டிநாட்டு மே மாதத்தில் வெயில் விழும் முகப்பில் பிளேயரை வைத்தால் பெல்ட் மட்டுமல்ல, எல்பியும் வளையும். வளவுக்குள் நிழலில், அசையாத மேசையில், ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள்.

வேகத்தை மாற்றும் வசதியுள்ள டைரக்ட் டிரைவ்

மூன்று வகைத் தட்டும் கலந்திருக்கும் வீட்டுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். மேசையே மோட்டாரின் பாகம். நடுவில் பெல்ட்டும் இல்லை, சக்கரமும் இல்லை. குவார்ட்ஸ் வேகத்தைப் பிடித்துவைக்கும். பக்கத்தில் ஒரு சறுக்குக் கைப்பிடியால் ±8 சதவீதம் வரை நகர்த்தலாம். 78-இல் வைத்து ±8 நகர்த்தினால் 71.8 முதல் 84.2 வரை கிடைக்கும். கூம்புக் காலத் தட்டுகள் அனேகமாக இதற்குள் அடங்கிவிடும்.

வாங்கும்போது 78 இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய பொருளாகப் புகழோடு விற்கும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 (1979) மிக நிலையானது, ஆனால் 33-உம் 45-உம்தான். அதே வரிசையில் பின்னால் வந்த எம்கே7-இல் 78 உண்டு. ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பி-யில் மூன்று வேகமும் ±8, ±16 எல்லைகளும் இருக்கின்றன. இதில் குவார்ட்ஸ் பொத்தான் விளக்கு எரிந்தால் சறுக்கு வேலை செய்யாது. பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

முள்ளை மாற்றாமல் 78 போடக்கூடாது. எல்பி முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். அரக்குத் தட்டின் அகலமான கோட்டுக்கு 75 மைக்ரான் வேண்டும். சிறிய முள் கோட்டின் அடியில் அழுக்கில் உருண்டு, இரைச்சலையே எடுத்துத் தரும். ஏடி-விஎம்95 வகை கார்ட்ரிட்ஜ் (முள் செருகும் சிறு பெட்டி) என்றால் 78-க்கான எஸ்பி முள்ளை விரலாலேயே கழற்றி மாட்டலாம். முள் அழுத்தம் எல்பிக்கு ஏறக்குறைய 2 கிராம், 78-க்கு 4 முதல் 5. சில ஆர்ம்களின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கைகளின்) அளவுகோல் 4 கிராமோடு நின்றுவிடும், சின்ன டிஜிட்டல் தராசு தேவைப்படும். ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் 78-க்கு அழுத்துங்கள், கரகரப்பு கணிசமாகக் குறையும்.

வேகத்தை நகர்த்த முடியும், சரி, எங்கே நிறுத்துவது? நாடகப் பாட்டுத் தட்டுகளில் ஆர்மோனியம் கூடவே வரும், அதுதான் பிடி. ஆர்மோனிய ரீடு வளையாது. பாட்டின் ஸட்ஜம் ஏதாவது ஒரு கட்டையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். கைப்பேசியில் டியூனர் செயலியைத் திறந்து, 78-இல் தொடங்கி, ஸட்ஜம் ஒரு கட்டையில் பொருந்தும்வரை சறுக்கை மெல்ல நகர்த்துங்கள். அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவே 6 சதவீத இடைவெளி இருப்பதால் 74-க்கும் 82-க்கும் இடையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு இடங்கள்தான் பொருந்தும். இரண்டு வந்தால் 78-க்கு அருகிலிருப்பதை முதலில் நம்பலாம். பழைய ஆர்மோனியங்களின் அடிப்படைச் சுருதி இன்றைய அளவோடு முழுதாக ஒத்துப்போகாமல் சில சென்ட் தள்ளி இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

குரலை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகியவர்கள் அந்த நாடக நடிகர்கள்; எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் குரலின் உச்சம் உண்மையிலேயே அத்தனை உயரம்தான். “ரொம்ப கீச்சென்று இருக்கிறதே” என்று வேகத்தைக் குறைத்தால் கெடுத்துவிடுவோம். அதைவிட நல்ல சாட்சி லேபிளை ஒட்டி அரக்கில் அழுத்தியிருக்கும் மேட்ரிக்ஸ் எண். அடுத்தடுத்த எண்கள் கொண்ட தட்டுகள் பெரும்பாலும் ஒரே அமர்வில் பதிவானவை. ஒன்றுக்கு வேகம் கண்டுபிடித்தால் மற்றதற்கும் அதுவே தொடக்கம். இரண்டு பக்கமாகப் பிரிந்த பாட்டில் முதல் பக்கத்தின் முடிவும் இரண்டாம் பக்கத்தின் தொடக்கமும் ஒரே சுருதியில் சேர்கின்றனவா என்றும் பாருங்கள். சேராவிட்டால் பக்கத்துக்கு ஒரு வேகம் குறித்து, உறையின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

மெதுவாக ஓட்டி, கணினியில் வேகம் கூட்டுவது

78 இல்லாத நல்ல டர்ன்டேபிள் ஏற்கெனவே இருந்தாலோ, கீறல் விழுந்த தட்டில் முள் தாவினாலோ இது உதவும். சரியான 78 முள்ளைப் போட்டு 45-இல் ஓட்டிப் பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தச் செயலியில் வேகத்தை 1.733 மடங்காக்குங்கள், 33⅓-இல் ஓட்டியிருந்தால் 2.34 மடங்கு. சுருதியையும் காலத்தையும் சேர்த்து மாற்றும் வசதியைத்தான் எடுக்க வேண்டும். சுருதியை மட்டும் மாற்றுவதை எடுத்தால் பாட்டு இழுவையாகவே நிற்கும்.

பலரும் தவறவிடுவது ஃபோனோ ஆம்பிளிஃபயரின் ஆர்ஐஏஏ திருத்தம் (எல்பியில் குறைத்து வெட்டிய தாழ்ந்த ஒலிகளைக் கூட்டி, கூட்டி வெட்டிய உயர்ந்த ஒலிகளைக் குறைத்துச் சமன்செய்வது). அது 50, 500, 2122 ஹெர்ட்ஸ் இடங்களில் திரும்பும் வளைவு. வேகம் கூட்டும்போது அந்த இடங்களும் 1.733 மடங்கு மேலே ஏறி, குரலின் நிறமே மாறிவிடும். அதனால் வேகம் மாற்றுவதற்கு முன்பே ஆர்ஐஏஏ-வைத் தலைகீழாகப் போட்டு நீக்கி, வேகம் மாற்றிய பிறகு 78-க்கு உரிய வளைவைப் போடுங்கள். கரண்ட் இரைச்சலின் 50 ஹெர்ட்ஸும் 87-க்கு ஏறி நன்றாகக் கேட்கும்; எர்த் கம்பியை முன்கூட்டியே சரிபார்க்கவும். காப்பகம்போல் சேமிக்க இது நல்ல வழி. சாயங்காலம் உட்கார்ந்து பாட்டுக் கேட்க இது வழியல்ல.

வேகத்தைச் சோதிப்பது

எந்தப் பெட்டியானாலும் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யலாம். தட்டின் ஓரத்தில் சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டி, முள்ளைக் கோட்டில் இறக்கி (வெறும் மேசையை எண்ணக் கூடாது, முள்ளின் இழுவை கணக்கில் வராது), ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். 33⅓ என்றால் 100 சுற்று சரியாக 180 விநாடி. 178 விநாடியில் முடிந்தால் 1.1 சதவீதம் வேகம், 19 சென்ட் உயர்வு. 78 என்றால் ஒரு நிமிடம் எண்ணினால் போதும்.

கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை இன்னும் துல்லியம்: வேகம் சரியாக இருந்தால், துடித்து எரியும் விளக்கில் அதன் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். 50 ஹெர்ட்ஸ் அட்டைதானா என்று பாருங்கள்: 33⅓-க்கு 180 கோடு, 45-க்கு 133, 78-க்கு 77. இணையத்தில் கிடைக்கும் பல அட்டைகள் 60 ஹெர்ட்ஸுக்கானவை. அவற்றில் 33⅓-க்கு 216 இருக்கும், நமக்கு ஆகாது. அட்டையைப் பார்க்க சோக் வைத்த பழைய டியூப்லைட் வேண்டும். எல்இடி பல்புகளில் பல துடிக்காமல் எரிவதால் கோடு நிற்பதே தெரியாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்குவதானால், தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பளபளக்கும் பித்தளைக் கூம்போடு புதிதாகச் செய்த போலி கிராமபோன்கள் நாடெங்கும் விற்கின்றன. அவற்றை அடையாளம் காண எளிய வழி, தொடக்கத்தில் ஒரு நிமிடம், கடைசியில் ஒரு நிமிடம் சுற்றுகளை எண்ணுவது. இரண்டுக்கும் நான்கைந்து சுற்று வித்தியாசம் வந்தால் அதைத் தூணோரம் அழகுக்கு வைக்கலாம், பாட்டுக்கு ஆகாது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் சுருதி அலைகிறது என்றால் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் தட்டைப் பாருங்கள். நடுத்துளை 1 மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே எல்பியின் உள்கோடுகளில் 29 சென்ட் மேலும் கீழும் ஊசலாடும்; வெளிக்கோட்டில் 12 சென்ட்தான். உள்ளே போகப்போக அசைவு கூடுகிறது என்றால் குற்றம் துளையில். ஆர்ம் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் ஆடுவது கண்ணுக்கே தெரியும். அப்படிப்பட்ட தட்டின் துளையைக் கத்திமுனையால் ஒரு பக்கம் மெல்லச் சுரண்டி, ஆர்ம் ஆடாமல் நிற்கும் இடத்தில் பொருத்தி ஓட்டலாம். வினைலுக்கு மட்டுமே இது. அரக்குத் தட்டு சில்லு பெயர்ந்துவிடும். அதை ஸ்பிரிட் தொட்டும் துடைக்காதீர்கள், அரக்கு கரையும். வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும்.